என் கைக்கு ஒரு துப்பாக்கி

ஹஃப்தா என்று மாமூல் கேட்டு வந்த மூன்று பேர், தாராவியில் எங்கள் மளிகைக் கடைக்குள்ளேயே வைத்து என் கணவரை இரும்புக் கம்பியால் அடித்தார்கள். வலது மணிக்கட்டு முறிந்து எலும்பு வெளியே தெரிந்தது. பருப்பு மூட்டையெல்லாம் ரத்தம். அலறிக்கொண்டு ஓடிப்போய்த் தாங்கினேன். அலறியது நிஜம். உள்ளுக்குள் ஒருத்தி 'நல்லா வேணும்' என்றதும் நிஜம். பதினெட்டு வருஷமாக என்னை அடித்த கை அது.

ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தும் விரல்கள் மடங்கவில்லை. இனி அடி இருக்காது என்று நினைத்தேன். நினைப்புதான் பிழைப்பைக் கெடுக்கும். மூன்றே மாதத்தில் இடது கை பழகிக்கொண்டது. குழம்பில் உப்பில்லை என்று விட்ட அறையில் என் தோடு தெறித்து அடுப்படியில் விழுந்தது.

இதற்கிடையில் அந்த மூவரும் ஜாமீனில் வந்து, மறுபடி வருவோம் என்று ஆள் விட்டுச் சொன்னார்கள். துப்பாக்கிக்கு மனுப் போட்டோம். அவரால் பிடிக்க முடியாதென்பதால் லைசென்ஸ் என் பெயரில் வந்தது.

சுட்டுப் பார்க்க, துப்பாக்கிக் கடைக்காரர் சுடும் பயிற்சி ரேஞ்சுக்கு இரண்டு துப்பாக்கிகளை எடுத்து வந்திருந்தார். வளையல் கடையில் பார்ப்பதுபோல் கணவர் என் கையைப் பிடித்து அளவு பார்த்தார்.

"ஏட்டி, சின்னத எடு. பொம்பளக் கைக்கு அதான் தோது."

சுட்டேன். அது பின்னுக்குத் துள்ளி, கட்டைவிரல் இடுக்கைக் கிழித்துவிட்டது. ரத்தம் முழங்கை வரை வழிந்தது.

"ஹல்கா வாலா ஜ்யாதா மார்தா ஹை, பாபி," என்றார் கடைக்காரர். எடை குறைந்ததுதான் அதிகம் உதைக்குமாம்.

கனமானதை எடுத்தேன். உள்ளங்கையில் நன்றாக உட்கார்ந்தது. எதிரே ஆள் உருவம் வரைந்த அட்டை. ஆறு முறை சுட்டேன், ஐந்து நெஞ்சில் பாய்ந்தன.

அந்த ரவுடிகளை நினைத்துத்தானே சுட்டீர்கள் என்று கடைக்காரர் இந்தியில் கேட்டார். ஆமாம் என்றேன். பொய். அவர்கள் முகம்கூட எனக்கு ஞாபகம் இல்லை.

துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினேன். கணவர் சுவரோடு ஒட்டி நின்று அந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சின்னதே போதும்லா," என்றார். குரல் இறங்கியிருந்தது.

"எனக்கு இதுதான் சரியா இருக்கு," என்றேன்.

அந்த மூவரும் பிறகு வரவில்லை. துப்பாக்கி பீரோவில் பூட்டிக் கிடக்கிறது. கணவர் என்மேல் கை வைப்பதில்லை. நிம்மதிதான். ஆனாலும் நினைத்தால் ஆத்திரம் பற்றிக்கொண்டு வருகிறது. பதினெட்டு வருஷம் அழுதேன், கெஞ்சினேன், காலில் விழுந்தேன். கோபம் வந்தால் கண்மண் தெரியாது என்றார், நானும் நம்பினேன். நிறுத்த முடிந்த மனுஷன்தான். நிறுத்தவில்லை, அவ்வளவுதான்.