பங்கு அலுவலகக் கம்ப்யூட்டரும் வெள்ளவத்தைக்காரரும்

கொட்டாஞ்சேனையில் எங்கள் தேவாலயப் பங்கு அலுவலகத்துக் கம்ப்யூட்டர் வேலை செய்யாமல் போனால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஆறு வருடம் அப்படித்தான் இருந்தது. வருடத்துக்கு மூன்று நான்கு தடவை நடக்கும். பட்டனை அமுக்கினால் விசிறி சுற்றும். திரை கறுப்பாகவே இருக்கும். உள்ளேயிருந்து நீளமான ஒரு 'பீப்' விட்டு விட்டுக் கேட்கும். நான் போய், எல்லாரையும் வெளியே நிற்கச் சொல்லிக் கதவைச் சாத்துவேன். இருபது நிமிடத்தில் திறப்பேன். திரையில் வெளிச்சம் இருக்கும்.

உள்ளே நான் செய்தது இவ்வளவுதான். ரேம் என்கிற அந்தச் சிறிய அட்டையைக் கழற்றி, அதன் பொன்னிற ஓரத்தைப் பென்சில் எழுத்தை அழிக்கும் அழிறப்பரால் தேய்த்து, திரும்பச் செருகுவேன். துறைமுகப் பக்கத்து உப்புக் காற்றில் அந்த ஓரம் மங்கிப்போகும். வேலை நான்கு நிமிடம். மீதிப் பதினாறு நிமிடமும் கதிரையில் சும்மா இருப்பேன். என் நாட்குறிப்பில்கூட "சரிசெய்தேன்" என்று மட்டும்தான் எழுதிவந்தேன்.

போன வருடம் திருவிழாவுக்கு ஐந்து நாள் இருக்கும்போது அது மறுபடி நின்றது. திருவிழாப் பாட்டுப் புத்தகம் முழுவதும் அதற்குள் இருந்தது. அன்று மாலைக்குள் அச்சுக்குக் கொடுக்கவேண்டும். காலை பத்தேகாலுக்கு நான் போனபோது, மேசைக்குக் கீழே ஒருவர் ஏற்கெனவே முழங்காலில் இருந்தார். மூன்று மாதத்துக்கு முன் வெள்ளவத்தையிலிருந்து எங்கள் பங்குக்குக் குடிவந்தவர். என் வயதுதான். பாடகர் குழுவில் சேர்ந்த முதல் வாரமே முன்வரிசை. காரியதரிசிப் பெண் அவருக்குத் தேநீர் கொடுத்திருந்தார், சுவாமியாரின் விருந்தாளிகளுக்கு எடுக்கும் பூப்போட்ட கோப்பையில். எனக்கு ஆறு வருடமும் கிளாஸில்தான்.

அவர் வயர்களை மாற்றினார். பக்கத்து அறைத் திரையைக் கொண்டுவந்து பூட்டிப் பார்த்தார். 'பீப்' கேட்டபடியே இருந்தது. அது எதைச் சொல்கிறது என்று எனக்குத் தெரியும், சொல்லவில்லை. அவர் ஒவ்வொரு முறை தோற்கும்போதும் எனக்கு உள்ளுக்குள் இதமாக இருந்தது. காரியதரிசி கண் கலங்கி நின்றதைப் பார்த்தும் வாய் திறக்கவில்லை.

பிறகு அவர் எழுந்து, நுகேகொடையில் தெரிந்த கடையொன்று இருக்கிறது, ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு போனால் புத்தகத்தை மத்தியானத்துக்குள் எடுத்துவிடலாம் என்றார். காரியதரிசியின் முகம் தெளிந்தது. எனக்குப் பயம் பிடித்தது.

"விடுங்க, நான் பாக்கிறேன். எல்லாரும் கொஞ்சம் வெளியில நில்லுங்க," என்றேன்.

"நான் நிண்டு பாக்கிறன் அண்ணை," என்றார் அவர். "பழகினா அடுத்த முறை உங்களைக் கரைச்சல்படுத்தத் தேவையில்லைத்தானே."

காரியதரிசியும் போகாமல் கதவடியிலேயே நின்றார். முதுகால் மறைத்தபடி தேய்த்தேன். அவர் பக்கத்தில் குனிந்து, எனக்கு உதவியாகப் போன் வெளிச்சத்தைப் பிடித்தார். நான்கு நிமிடம். திரை வந்தது. அழிறப்பர் என் கையிலேயே இருந்தது.

"அழிறப்பரா அண்ணன்?" என்றார் காரியதரிசி. "இதுக்கா ஆறு வருஷமா நாங்க வெளியில நின்னோம்?"

கேட்டுவிட்டு அவரே சிரித்தார். சத்தம் கேட்டு வந்த சுவாமியாரும் சிரித்தார். வெள்ளவத்தைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "எதைத் தேய்க்கிறதெண்டு தெரியோணுமே," என்றார், எனக்காக. அந்த நல்ல குணத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வீட்டுக்குப் போய் மனைவியிடம் அவரைப் பற்றிச் சொல்ல ஒரு குறை தேடினேன். கிடைக்கவில்லை. பாடும்போது சுருதி பிசகுகிறது என்றேன். அது பொய்.

இரண்டு மாதம் கழித்துக் கம்ப்யூட்டர் திரும்பவும் நின்றிருக்கிறது. காரியதரிசி தானே கழற்றித் தேய்த்துச் சரிசெய்துவிட்டார். ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றபோதுதான் எனக்குத் தெரியவந்தது. அவர் அதைக் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தது வெள்ளவத்தைக்காரருக்கு. என் முறைக்குக் காத்திருப்பவன்போல நான் இரண்டடி தள்ளி நின்றேன். கதை முடிந்ததும் இருவரும் சிரித்தபடி பாடகர் அறைப் பக்கம் போனார்கள்.