வாய் உலர்ந்த சந்தோஷம்

போன மாதம் சோரியாங்குப்பத்தில் இருக்கும் தங்கை மல்லிகா வீட்டுக்குப் போயிருந்தேன். ரெண்டு நாள் நன்றாகச் சாப்பிட்டு, தூங்கிவிட்டு வரலாம் என்று திட்டம். நடந்தது வேறு.

முற்பகல் வெயிலில் தங்கை புருஷன் கலியபெருமாள் வயலிலிருந்து வந்தார். நெல்லில் புகையான் பூச்சி விழுந்திருந்தது. விடிந்ததிலிருந்து முதுகில் ஸ்ப்ரேயரை மாட்டிக்கொண்டு பூச்சி மருந்து அடித்திருக்கிறார். மேலே சட்டை இல்லை. எதிர்க்காற்று வேறு... வாசலில் கால் பின்னியது. அப்படியே சரிந்துவிட்டார்.

உடம்பெல்லாம் வேர்வை. வாயில் எச்சில் ஒழுகுகிறது. கண்ணில் தண்ணீர். பேச்சு குழறுகிறது.

நம்ம ஊரில் ஒரு ஆம்பளை இப்படி விழுந்தால் முதலில் என்ன சொல்வார்கள்? புதுச்சேரிக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டுமா!

"காலங்காத்தால சாராயம் போட்டுட்டு வந்துட்டாருடி. மோர் குடுத்துப் படுக்க வை, தெளிஞ்சிடும்" என்றார் பக்கத்து வீட்டு அம்மா. கூடி நின்றவர்களில் ரெண்டு பேர் சிரித்தார்கள்.

மல்லிகா குனிந்து, புருஷன் முகத்துக்குக் கிட்டே போனாள். நிமிர்ந்தபோது அவள் முகம் வெளுத்திருந்தது.

"இது குடி இல்ல. யாராச்சும் வண்டி புடிங்க!"

தெருமுனை மளிகைக் கடையில் காதர் பாய் வேனிலிருந்து சரக்கு இறக்கிக்கொண்டிருந்தார். இன்னும் பாதி மூட்டை வண்டிக்குள். "இருக்கட்டும், ஏத்துங்கம்மா" என்றார். கலியபெருமாளை அரிசி மூட்டை மேலேயே படுக்க வைத்தோம். பாகூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் அவர் மூச்சில் கரகரவென்று சளிச் சத்தம். மல்லிகா முந்தானையால் அவர் வாயைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரு சின்னப் பெண் டாக்டர். டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார். கருவிழிக்கு நடுவே இருக்கும் பாப்பா, ஊசிமுனை அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது.

"பூச்சி மருந்து அடிச்சாரா?"

"ஆமாங்கம்மா" என்றாள் மல்லிகா.

அவ்வளவுதான் கேள்வி. நர்ஸ் சோப்புப் போட்டு உடம்பைக் கழுவ, டாக்டர் அட்ரோபின் ஊசி போட்டார். நாடி பார்த்தார். மறுபடி ஊசி. மறுபடி நாடி.

"நிறைய போடறீங்களே டாக்டர்?" என்றேன் பயந்துபோய்.

"வாய் காயணும். நெஞ்சுச் சளி அடங்கணும். நாடி ஏறணும். அதுவரைக்கும் போடணும்" என்றார்.

நாடி கொஞ்சம் ஏறிய பிறகுதான் விளக்கினார். எச்சில் சுரப்பது, இதயம் துடிப்பது, பாப்பா சுருங்குவது — இதையெல்லாம் நம்மைக் கேட்காமலே நடத்த, தானாக இயங்கும் நரம்புகள் இருக்கின்றன. அவை பேசும் பாஷை ரசாயனம். நரம்பின் நுனியில் அசிட்டைல்கோலின் என்று ஒன்று துளியூண்டு கசியும். 'எச்சில் சுர', 'இதயமே, மெதுவாக' என்று சேதி போகும். சேதி போனதும் அதை ஒரு நொதி உடனே அழித்துவிடும். பூச்சி மருந்து அந்த நொதியை முடக்கிவிடுகிறது. சேதி அழியாமல் சேர்ந்துகொண்டே போகிறது. சுர, சுர, சுர... கடைசியில் நெஞ்சுக்குள்ளேயே நீர் கட்டி, மூச்சு நின்றுவிடும். அட்ரோபின் என்ன செய்கிறது? சேதி வந்து உட்காரும் இடத்தில் முந்திக்கொண்டு போய் உட்கார்ந்துவிடுகிறது.

நாள் முழுக்கச் சேதி அனுப்புகிறது உடம்பு. அதை உடனுக்குடன் அழிப்பதால்தான் நாம் பிழைத்திருக்கிறோம்!

சாயங்காலம் கலியபெருமாள் முனகினார். "மல்லிகா... தொண்ட காயுது. நாக்கு ஒட்டிக்குது."

தாகத்தில் தவிக்கிறார் மனுஷன். டாக்டர் சிரிக்கிறார், நர்ஸ் சிரிக்கிறார். மல்லிகா அப்போதுதான் அழுதாள்.

அப்புறம் டவுன் பெரியாஸ்பத்திரியில் சில நாள் இருந்தார். நன்றாகத் தேறிய பிறகு ஒரு மத்தியானம், கஞ்சி குடித்துக்கொண்டே கேட்டார்: "நான் வுழுந்தப்ப ஊரே குடிகாரன்னுச்சாமே. நீ மட்டும் எப்படிடி நம்பினே?"

நான் ஆவலோடு தங்கையைப் பார்த்தேன். அவள் தட்டை வாங்கி வைத்தாள்.

"வாயை மோந்து பாத்தேன். மருந்து நாத்தம்தான் அடிச்சுது."

அவர் சிரித்த சிரிப்பில் நர்ஸ் வந்து அதட்டிவிட்டுப் போனார்.

புருஷனை நம்ப வேண்டியதுதான்... ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டு!