விழுகிற விலையில் வாங்கியவர்கள்

இறப்பர் விலை உச்சத்தில் நின்ற காலம். ஒரு மாசி மாதம் என் மனைவியின் தமையனார் மலாயா ரயில்வேயிலிருந்து பென்சனோடு ஊர் திரும்பினார். புகையிலைத் தோட்டம் செய்துவந்த நான் அவர் பேச்சைக் கேட்டு, மலாயா இறப்பர்த் தோட்டக் கம்பனி ஒன்றில், கொழும்புத் தரகர் மூலம் பங்குகள் வாங்கினேன். அன்றிலிருந்து பத்திரிகையில் வரும் பங்கு விலையைத் திகதிவாரியாக ஒரு கொப்பியில் எழுதினேன். வைகாசியில் விலை இறங்கத் தொடங்கியது. ஆனி முதல் வெள்ளி, கொப்பியைக் கொண்டுபோய் அவரிடம் காட்டினேன்.

"உதுக்கேன் முகம் கறுக்கிறீர், மச்சான்? புகையிலை விழுந்தால் நீர் விக்கிறனீரோ?"

"இல்லை. கட்டி வைப்பன்."

"பக்கத்துத் தோட்டக்காரன் பயந்து விக்கேக்கை?"

"அதையும் வாங்குவன்."

"பிறகென்ன? இதையும் வாங்கும். உம்மடை சராசரி விலை குறையும். கொஞ்சம் ஏறினாலே போட்ட முதல் வந்திடும்."

எங்கள் ஊரில் விலை சரிந்த ஆண்டில் புகையிலை விற்பவனைப் பயந்தாங்கொள்ளி என்பார்கள். பாடம் செய்த புகையிலை ஓராண்டு கெடாமல் கிடக்கும். திருவிதாங்கூர் வியாபாரி எப்படியும் வருவான். அந்தக் கணக்கை இறப்பருக்கும் போட்டேன். தொண்டைமானாற்றுப் பக்கம் மனைவிக்குச் சீதனமாக வந்த பனங்காணியை ஆடியில் விற்றோம். "அண்ணை எனக்குப் பிழையாய்ச் சொல்லார்" என்று சொல்லித்தான் அவள் காணி உறுதிப் பத்திரத்தில் ஒப்பமிட்டாள்.

பணம் கொழும்புக்குப் போனது. ஆவணியில், பங்குகளின் கைமாற்றுப் பத்திரம் என் ஒப்பத்துக்கு வந்தது. விற்பவர் ஒப்பமிட வேண்டிய இடத்தில் மச்சானின் உருண்டைக் கையெழுத்து இருந்தது. தன்னிடம் கிடந்து விலை கெட்டவற்றைத்தான் தரகர் வழியாக என் தலையில் கட்டியிருக்கிறார்.

மனைவி அதை இரண்டு தரம் வாசித்தாள்.

"அவரிட்டை ஒண்டும் கேக்காதேங்கோ" என்றாள்.

கேட்கவில்லை. கம்பனி மூடப்பட்டது. பிறகு கொப்பியைப் புரட்டியபோது, வைகாசி முதலே எல்லாம் அதில் இருந்தது. இடையிடையே விலை ஏறியிருந்தாலும், ஒவ்வோர் ஏற்றமும் முந்தியதைவிடத் தாழ்வான இடத்திலேயே நின்றிருந்தது. வாங்குபவன் திரும்பி வருவான் என்றால் விழுகிற விலையில் மேலும் வாங்கலாம். அவன் விலகிப் போகிறான் என்றால் வாங்கக்கூடாது. இதைக் கற்க ஒரு காணி போனது. அதன் பின் புகையிலை விலையையும் அப்படியே எழுதத் தொடங்கினேன்.

முப்பதுகளில் மச்சானுக்குப் புகையிலை ஆசை பிடித்தது. வாடகைக் கிட்டங்கி நிறையப் பொதி அடுக்கினார். விலை சரிந்தது. புரட்டாதிச் சனி ஒன்றில், கோயிலில் சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரித்துவிட்டு நேரே எங்களிடம் வந்தார்.

"மச்சான், இன்னும் வாங்கலாமோ? இல்லாட்டி இதோடை வித்துப்போட்டு விடுறதோ?"

என் கொப்பியில் ஐந்து ஆண்டுகளாக உச்ச விலை ஆண்டுக்காண்டு தாழ்ந்திருந்தது. அங்கே இறக்குமதித் தீர்வை கூட்டுகிறார்கள், இனிப் பொதி அனுப்ப வேண்டாம் என்று திருவிதாங்கூர் முகவர் எழுதிய கடிதமும் என்னிடம் இருந்தது. என் சரக்கு முழுவதையும் ஆடியிலேயே விற்றிருந்தேன்.

"வாங்கும்" என்றேன்.

கோப்பி ஊற்றிக்கொண்டு வந்த மனைவி நின்றாள். கடிதத்தை அவளுக்கும் வாசித்துக் காட்டியிருந்தேன்.

"யோசிக்காதேங்கோ அண்ணை. புகையிலையிலை இவரை விட்டால் ஆருக்குத் தெரியும்?"

"தங்கச்சியே சொல்லிப்போட்டாள்" என்று சிரித்தார். இன்னொரு கோப்பியும் கேட்டுக் குடித்தார்.

மலாயாக் காசில் கட்டிய கல்வீட்டை ஈடு வைத்து வாங்கினார். அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் வியாபாரி வரவில்லை. பொதிகளில் பூஞ்சணம் பிடித்தது. வீடும் அது நின்ற வளவுக் காணியும் போயின. உண்மையைச் சொல்லியிருக்கலாம். இதை எழுதும்போதும் எனக்கு மனம் உறுத்தவில்லை.

ஒரு தை மாதம், மலாயாவில் இருந்த மகனிடம் புறப்பட்டார். யாழ்ப்பாணம் ரயில் நிலையத்தில் மனைவி பயற்றம் பணியாரத் தகரத்தை அவரிடம் நீட்டினாள். யன்னலால் வாங்கியபடி சொன்னார்:

"காணியையாவது விடாமல் வைச்சிருந்திருக்கலாம், பிள்ளை."

"எந்தக் காணியைச் சொல்லுறியள், அண்ணை?" என்று கேட்டாள்.

அவர் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வண்டி புறப்படும்வரை தலையை வெளியே நீட்டவில்லை.