விலாங்குக்குப் பிரி திரித்த பாவாயி

பாவாயி திரித்த வைக்கோல் பிரியை ஒரு ஜோடி மாடு இழுத்தாலும் அறாது. மோகனூருக்கு மேற்கே, காவிரிக் கரையில் கூலி வேலை செய்து பிழைத்தவள். வைக்கோல் போர் போடும் காலத்தில் ஊர் ஊராகக் கூப்பிட்டுப் பிரி திரிக்கச் சொல்வார்கள். நான் கொழும்பிலிருந்து திரும்பிய அந்தச் சித்திரையில், போருக்கும் மாட்டுக்கும் இல்லாத ஒரு பிரியைத் திரித்துக்கொண்டிருந்தாள்.

மேட்டூரில் தண்ணீரை நிறுத்தியிருந்தார்கள். எங்கள் ஊரில் ஆற்றின் குறுக்கே கட்டிய தடுப்புச் சுவருக்கு மேல்புறம் மட்டும், விளிம்புக்கு நாலு விரற்கடை கீழே நீர் நின்றது. கீழ்ப்புறம் ஒரே ஒரு குட்டை. அதில் விரல் நீளக் கறுப்புக் குஞ்சுகள் நூற்றுக்கணக்கில் சுவரில் ஏறி ஏறி விழுந்தன. தண்ணீர்ப் பாம்பென்று ஊரார் தடியால் அடித்தார்கள். போன வருஷம் பாவாயியும் அடித்தவள்தான். செத்த ஒன்றைத் திருப்பிப் பார்த்தாள், தலையோரம் துடுப்பு. பாம்புக்கு ஏது துடுப்பு? விலாங்கு!

கொழும்புக் கழிமுகத்தில் இவை கண்ணாடி இழைபோலக் கடலிலிருந்து வருவதைப் பார்த்திருக்கிறேன் என்றேன்.

"கடல்ல இருந்தா? இத்தன தொலவு வந்துட்டு இந்தச் செவுத்துல சாகறதா?" என்று எழுந்தவள், பிரியைச் சுவரின் மேலிருந்து குட்டைக்குத் தொங்கவிட்டாள்.

ஒன்றும் ஏறவில்லை. வைக்கோல் காய்ந்திருந்தது. குடத்தால் ஊற்றினாள், ஏறின! அடுத்த குடம் மொள்வதற்குள் வெயில் பிரியை உலர்த்த, பொத்துப் பொத்தென்று விழுந்தன. குட்டை இரண்டு நாள்கூடத் தாங்காது.

மதகுக் காவல் கந்தப்பன் சிரித்தார். "ஏனுங்கக்கா, ஆருக்கு இந்த மால?"

"மாப்பிள்ளைக்குச் சாமி. மதகுப் பலகைய ஒரு விரக்கடை தூக்கு, தண்ணியோட ஏறி வந்துருவான்."

"பலகையத் தூக்குனா ஓவர்சியர் என்னையத் தூக்கிருவாருங்க!"

அப்போது ஒரு குஞ்சு பாதிப் பிரியில் ஒட்டிக்கொண்டு தவித்தது. கந்தப்பன் குனிந்தார். "அட, உடாம புடிச்சிருக்குதுங்க!" தலைப்பாகையை அவிழ்த்து நீரில் முக்கி அதன்மேல் பிழிந்தார். அது இரண்டு சாண் ஏறியது.

பாவாயி அந்தத் துணியையே வெடுக்கென்று பிடுங்கினாள். முறுக்கினாள். ஒரு முனையை மேல்தண்ணீரில் அமிழ்த்தி, மறுமுனையைச் சுவர் தாண்டிப் பிரியோடு நீளத் தொங்கவிட்டுக் கட்டினாள். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோலத் துணி தண்ணீரை இழுத்தது. சொட்டு, சொட்டு, பிறகு நிற்காமல்!

"ஏறுது! ஏறுதுங்க!" கத்தியது கந்தப்பன்தான். முதல் குஞ்சு விளிம்பைத் தாண்டி மேல்தண்ணீரில் வழுக்கி மறைந்தது. பின்னால் ஒரு வரிசையே வந்தது. பொழுது சாயும்வரை எண்ணிப் பார்த்தோம், எண்பதோடு விட்டுவிட்டோம்.

மறுநாள் ஓவர்சியர் வந்தார். பலகை அசையவில்லை. காவல்காரர் மட்டும் மொட்டை வெயிலில் வெறுந்தலையோடு நின்றார்.

"தலைப்பாகை எங்கய்யா?"

"வேலையில இருக்குதுங்க" என்றார் கந்தப்பன்.

பாவாயி சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த பிரியைத் திரித்தாள்.