கண்ட்ரோல் குடுவையில் நுரை

கடல் வந்துபோய்ப் பல கோடி வருஷமான ஊரில் உட்கார்ந்துகொண்டு, கடலில் கொட்டுகிற எண்ணெயைச் சுத்தம் செய்ய ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருந்தோம். எண்பதுகளின் நடுவில், பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற சாலையில், பழைய கடலை குடோன் ஒன்றுக்குச் சுண்ணாம்பு அடித்து ஆராய்ச்சிக்கூடம் என்று போர்டு மாட்டியிருந்தார்கள். டாக்டர் பட்டத்துக்காக அங்கே பதிவு செய்திருந்த ஒரே மாணவன் நான். அந்தக் கூடம் இப்போது இல்லை. மறுபடியும் குடோனாகிவிட்டது, அதற்கு அதுதான் பொருத்தம்.

சில கிருமிகள் எண்ணெயைத் தின்பதற்காக, சோப்பு மாதிரி ஒரு சரக்கைத் தாங்களே சுரந்துகொள்ளும். அது கலந்தால் எண்ணெயும் தண்ணீரும் சண்டையில்லாமல் சேர்ந்து நிற்கும். அப்படிப்பட்ட கிருமி ஒன்றை, அரியலூரில் சிமெண்ட் லாரிகள் ஆயில் ஒழுகவிட்ட ஒரு பட்டறை மண்ணிலிருந்து பிடித்துவைத்திருந்தேன். அதை இன்னும் அதிகமாகச் சுரக்கவைப்பதுதான் என் ஆராய்ச்சி. கரும்பாலை மொலாசஸ் கொடுத்தேன். கடலைப் பிண்ணாக்கு கொடுத்தேன். டீக்கடையில் பஜ்ஜி சுட்டு மிஞ்சிய எண்ணெயைக் கெஞ்சி வாங்கிவந்து ஊற்றினேன். தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளைக்குக்கூட அப்படி உபசாரம் நடந்திருக்காது. தின்றது, பெருகியது, சுரக்க மட்டும் மாட்டேன் என்றது.

சுரப்பை அளக்க ஒரு கருவி இருந்தது. வந்து இறங்கிய நாளிலிருந்து ரிப்பேர். எங்கள் டைரக்டர்தான் என் ஆராய்ச்சிக்கும் வழிகாட்டி. அவர் அதற்கு ஒரு மாற்று கண்டுபிடித்தார். குடுவையைப் பத்துத் தடவை குலுக்கு, எழும்புகிற நுரையை ஸ்கேல் வைத்து அள, நோட்டில் எழுது என்றார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கிற மர ஸ்கேல்தான். அன்றுமுதல் அவர் காலையில் உள்ளே நுழைந்ததும் கேட்கிற முதல் கேள்வி, "என்னப்பா, நுரை வந்துதா?"

ஒருநாள், "மெட்ராஸ்லேர்ந்து கமிட்டி வருது. அதுக்குள்ள நுரை ஏறலைன்னா உன் பதிவை ரத்து பண்ணிடுவாங்க, நீ ஊரைப் பாக்கப் போயிடலாம்" என்று சொல்லிவிட்டார். மூன்று வருஷ வேலை. எங்கள் ஊரில் என்னை ஏற்கெனவே டாக்டர் என்று கூப்பிட்டு, தலைவலிக்கு மாத்திரை கேட்டுக்கொண்டிருந்தார்கள். எந்த முகத்தோடு திரும்பிப் போவது? கொல்லைப்புறத் தொட்டியருகே போய் நின்று அழுதேன்.

அங்கே குடுவை கழுவுகிற அக்கா உட்கார்ந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. நாற்பது வயதிருக்கும். குரும்பலூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார், தினக்கூலி. டைரக்டர் எதிரில் என்னை சார் என்பார், மற்ற நேரத்தில் தம்பி. குடுவைகளைக் கழுவி, நான் கலக்கிவைத்த கிருமித் தீனியை அளந்து ஊற்றி, வாயில் பஞ்சு அடைத்து, பெரிய குக்கரில் வேகவைத்து வரிசையாக அடுக்குவார். ஆறியபின் கிருமியை விடுவது மட்டும் என் பொறுப்பு.

"ஏன் தம்பி அழுவுறீங்க?"

"நுரை வரலைக்கா."

"நுரை வரலைன்னா அழுவுறீங்க?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் குடுவையைத் தேய்க்க ஆரம்பித்தார்.

அடுத்த வாரம் நுரை வந்தது. வந்தது என்றால் சாதாரணமாக இல்லை, பஞ்சை முட்டிக்கொண்டு நின்றது. டைரக்டர் ஸ்கேலைத் தன் கையாலேயே பிடித்து அளந்தார். பஜ்ஜி எண்ணெய்தான் காரணம் என்று தீர்மானமாயிற்று. எண்ணெயில் இறங்கிய வெங்காயச் சாறு கிருமியை எப்படித் தூண்டுகிறது என்று நான் நான்கு பக்கம் எழுதினேன். இன்றைக்கு எடுத்துப் படித்தாலும் நன்றாகத்தான் இருக்கிறது, உண்மை இல்லை என்பது ஒன்றுதான் குறை.

இந்த மாதிரிச் சோதனையில், கிருமியே விடாத குடுவை ஒன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் வைக்கவேண்டும். அதற்கு கண்ட்ரோல் என்று பெயர். குடுவை பற்றாக்குறை என்று அதை வெகுநாளாகக் கைவிட்டிருந்தோம். கமிட்டி கேட்டால் என்ன செய்வது என்று முந்தின நாள்தான் அக்காவிடம் சொல்லி ஒன்று தயார் செய்தேன்.

கமிட்டி என்பது மூன்று பேர். கீழப்பழுவூர் கோயிலைப் பார்த்துவிட்டு வந்ததில் நேரமாகிவிட்டது, பசியும் வந்துவிட்டது. அவர்களுக்காகப் பின்னால் கொதித்துக்கொண்டிருந்த கறிக்குழம்பு வாசனையில் இரண்டு பேர் என் வெங்காயத் தத்துவத்தை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். மூன்றாமவர் ஒல்லியாக இருந்தார், ரசம் சாதம் போதும் என்கிற ஜாதி. கண்ட்ரோல் குடுவையைக் கையில் எடுத்துப் பத்துத் தடவை குலுக்கினார். என் கிருமிக் குடுவைகளைவிட அரை அங்குலம் அதிகமாக நுரை எழும்பியது.

"கிருமி இல்லாமயே நல்லா சுரக்குதே! இருந்தாதான் இடைஞ்சல் போல" என்றார். டைரக்டர் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். சாப்பாடு முடிவதற்குள் காரணத்தை எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள்.

கொல்லைக்கு ஓடினேன். "அக்கா, குடுவையில என்ன போட்டீங்க?"

அவர் மறைக்கவே இல்லை. "அரப்புப் பொடி தம்பி, தலைக்குத் தேய்க்கிறது. ஒரு சிட்டிகைக்கே என்னமா நுரைக்குது பாத்தீங்களா? நுரைதானே வேணும்னீங்க?"

நுரைதான் வேண்டும் என்று அந்தக் கூடமே தினமும் கத்திக்கொண்டிருந்தது.

"அந்தத் தனிக் குடுவையிலயுமா போட்டீங்க?"

"எல்லாத்துக்கும் போட்டுட்டு அது ஒண்ணை மட்டும் வுட்டுட்டு வரச் சொல்றீங்களா? பந்தியில உக்காந்திருக்கறவங்கள்ல ஒரு எலையைத் தாண்டிப் போவலாமா தம்பி?"

எனக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. உள்ளே போய்க் காகிதத்தை எடுத்தேன். மாதக்கணக்கில் கண்ட்ரோல் வைக்காதது என் தப்பு, வெங்காயக் கதை முழுக்க என் கற்பனை என்று எழுதியிருக்க வேண்டும். 'குடுவைகள் சரிவரக் கழுவப்படாமல் நுரைப்பொருள் தங்கிவிட்டதே காரணம்' என்று எழுதினேன். யார் கழுவினார்கள் என்று எழுதவில்லை. கழுவ இருந்ததோ ஒரே ஒருவர்.

கமிட்டிக்குப் பரம திருப்தி. மாணவன் மேல் குற்றமில்லை, பதிவை நீட்டிக்கலாம், பணியாளரை மாற்றுக என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். டைரக்டர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். பிழைத்தேன் என்று நிம்மதிப் பெருமூச்சு விட்டேன். அதை நினைத்தால் இந்த வயதிலும் கூசுகிறது.

மறுநாள் சாயங்காலம் அக்கா ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி என் மேஜைக்கு வந்தார்.

"நாளையிலேர்ந்து வர வேணாம்னுட்டாங்க தம்பி. ஏன்னு கேட்டேன், சொல்லலை." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நேத்து வந்தவங்க உங்களை ஒண்ணும் சொல்லிடலையே?" என்றார்.

"ஒண்ணும் சொல்லலைக்கா."

"அது போதும் தம்பி" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.