பதினொன்றில் ஆறு

சவூதியில், ஜுபைலில் நான் டைம் கீப்பராக இருந்த கேம்ப் ஆபீசில் மூன்று நாற்காலிகளும் ஒரு ஸ்டூலும் உண்டு. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அந்த ஸ்டூலில் ஒரு பைப் ஃபிட்டர் வந்து உட்காருவார். அறந்தாங்கிப் பக்கத்துக்காரர். மகளுக்கு இரண்டு வயதாக இருக்கும்போது ஊரைவிட்டு வந்தவர். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை இரண்டு மாத லீவு. எட்டு லீவு போயிருந்தார். பதினேழு வருஷத்தில் அவர் மகளோடு இருந்தது பதினாறு மாதம் என்று நான்தான் ஒரு நாள் கணக்குப் போட்டுச் சொன்னேன். அவர் கேட்கவில்லை. இப்படிக் கேட்காமலே எண்ணிச் சொல்வது என் வழக்கம்.

மகள் திருச்சியில் மெக்கானிக்கல் படித்துக்கொண்டிருந்தாள். போனில் அவர்கள் பேசியதை நானே கேட்டிருக்கிறேன். "சாப்பிட்டியா ஆத்தா?" "சாப்பிட்டேம்ப்பா. நீங்க?" அதற்கு மேல் இருவருக்கும் ஒன்றும் கிடைக்காது.

அந்த வருஷம் தமிழிலேயே எழுதிக்கொள்ளக்கூடிய ஒரு நட்புத் தளம் வந்திருந்தது. ஆங்கில எழுத்தைத் தட்டினால் தமிழாக மாறி விழும். மகள் அதில் சேர்ந்திருப்பதாகச் சொன்னாள். நான் ஃபிட்டருக்கும் ஒரு பக்கம் தொடங்கிக் கொடுத்தேன். ஹெல்மெட் போட்ட படம், கீழே "நண்பர்கள்: 1". அந்த ஒன்று மகள். அவருக்குத் தமிழ் வாசிக்க வரும், தட்ட வராது. அவர் சொல்லச் சொல்ல நான் அடிப்பேன்.

எழுத்தில் அந்தப் பெண் வேறு ஆளாக இருந்தாள். ஹாஸ்டல் சாம்பாரைத் திட்டினாள். வைவா பயத்தைச் சொன்னாள். ஒரு வாரம், "அப்பா, நீங்க அங்க என்ன வேலைதான் செய்யுறீங்க? பைப்பை எப்படிச் சேப்பீங்க?" என்று கேட்டிருந்தாள். அவர் ஸ்டூலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எழுதுங்க சார். போல்ட்ட வரிசையா இறுக்கக் கூடாது ஆத்தா. எதிரும் புதிருமா இறுக்கணும். இல்லேன்னா ஒரு பக்கம் வாயப் பொளந்துக்கும்."

அடுத்த வாரம் பதில் வந்தது. வைவாவில் அதே கேள்வி வந்ததாம், அப்பா சொன்னதைச் சொன்னாளாம், வாத்தியார் பாராட்டினாராம். அதை அவர் நான்கு தடவை வாசித்தார். பதினேழு வருஷமாகச் செய்த வேலை அன்றைக்குத்தான் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது போலிருந்தது அவர் முகம்.

இருபத்திரண்டு வெள்ளிக்கிழமைகள் இப்படிப் போயின. இருபத்து மூன்றாவதில் அவள் ஒர்க்‌ஷாப் படங்கள் போட்டிருந்தாள். மொத்தம் பதினொன்று. நான் ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டிவிட்டு, வாய் சும்மா இருக்காமல் சொன்னேன்.

"இந்தக் கோடு போட்ட சட்டைக்காரன் ஆறு படத்துல இருக்கானே."

"எத்தனையில சார்?"

"பதினொண்ணுல ஆறு. ஆறுலயும் உங்க பொண்ணு பக்கத்துல."

போனுக்காகக் காத்திருந்த திருநெல்வேலி கிரேன் ஆபரேட்டர் எட்டிப் பார்த்தார். "என்னண்ணே, இங்க இருந்துக்கிட்டே மருமவன் பாத்தாச்சா? செலவு மிச்சம்லா."

ஃபிட்டர் சிரிக்கவில்லை. அன்றைக்கு ஒன்றும் அடிக்கச் சொல்லாமல் எழுந்து போனார். சாயங்காலம் மனைவிக்குப் போன் செய்திருக்கிறார். மறுநாள் மனைவியின் தம்பி ஹாஸ்டலுக்குப் போய், வார்டன் முன்னால் நின்று சத்தம் போட்டிருக்கிறார்.

அடுத்த வெள்ளிக்கிழமை பக்கத்தைத் திறந்தேன். நண்பர்கள்: 0. அவள் தன் பக்கத்தையே எடுத்துவிட்டிருந்தாள். படிப்பை யாரும் நிறுத்தவில்லை. போனில் பேசத்தான் செய்தாள். சாப்பிட்டியா, சாப்பிட்டேன்.

அவர் மட்டும் பத்து மணிக்கு வருவதை விடவில்லை. "வந்துச்சா சார்?" நான் இல்லையென்று தலையாட்டுவேன். "இன்னைக்கும் மாஃபிதான்" என்று, இல்லை என்பதை அரபியில் சொல்லி, முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுவார்.

அந்தப் பதினொரு படங்களையும், அவை இருந்த பக்கத்தோடு, முதல் நாளே கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்திருந்தேன். இரண்டாவது வாரம், தனியாக இருக்கும்போது, மறுபடி எண்ணினேன். கோடு போட்ட சட்டை இருந்த ஆறு படங்களிலும் வேறு இரண்டு பெண்களும் கண்ணாடி போட்ட ஒரு பையனும் இருந்தார்கள். அவர்களை நான் எண்ணவே இல்லை. முதல் படத்தின் அடியில், நான் தட்டும் அதே தமிழில், "எங்க பேட்ச், 31 முதல் 35 வரை" என்று அவள் எழுதியிருந்தாள். வருகைப் பதிவு வரிசை. தினமும் காலையில் கேட்டில் ஆட்களை நம்பர் வரிசையில் நிறுத்துகிறவன் நான். ஆறு வருஷமாகப் பக்கத்துப் பக்கத்து நம்பரில் நின்ற இரண்டு பேர் ஒரு வார்த்தை பேசி நான் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

உடனே சொல்லியிருக்க வேண்டும். ஒன்பது வெள்ளிக்கிழமைகள் அவரைத் தலையாட்டி அனுப்பினேன். என்ன நினைப்பாரோ என்ற பயம்தான், வேறொன்றுமில்லை. பத்தாவது வெள்ளிக்கிழமை படத்தைத் திறந்து, அந்த வரியின் மேல் விரலை வைத்தேன். அவர் மெதுவாக வாசித்தார்.

"முப்பத்தொண்ணுலேருந்து முப்பத்தஞ்சு. அஞ்சு பேரு."

"ஆமா."

"அன்னைக்கே வாசிச்சிருக்கலாமே சார்."

"நான் படத்தத்தான் பாத்தேன்."

"நான் உங்களத்தான் பாத்தேன்" என்றார்.

அன்றே மகளைக் கூப்பிட்டு, தப்பாக நினைத்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறார். என் பெயரை எடுக்கவில்லை. "பரவால்லப்பா. சாப்பிட்டீங்களா?" என்றாளாம். புதுப் பக்கம் ஏதும் தொடங்கினாளா என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அந்த சைபரைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. எனக்கும் அங்கே ஒரு பக்கம் இருந்தது, நூற்றுப் பதினான்கு நண்பர்கள், பாதிப் பேர் முகம் தெரியாதவர்கள். அதிலிருந்து அவருக்கு நட்பு அழைப்பு அனுப்பினேன். அடுத்த வெள்ளிக்கிழமை அவர் பக்கத்தைத் திறந்து காட்டினேன்.

"யாரு சார் இது?"

"நான்தான்."

"பக்கத்துல ஒக்காந்துக்கிட்டு எதுக்கு சார் இதெல்லாம்?" ஸ்டூலைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். "இருக்கட்டும். அப்பறமாப் பாத்துக்கலாம்."

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் வரவில்லை. அவருடைய பாஸ்வேர்டு என்னிடம்தான் இருந்தது. நானே உள்ளே போய், அவருக்காக ஒப்புக்கொண்டிருக்க முடியும். அதை மட்டும் செய்யவில்லை. அந்தத் தளத்தை மூடும்வரை அழைப்பு அப்படியே கிடந்தது.