உப்புப் போட்ட சூளை

ரைன்ஹோல்டுக்கு வாழ்க்கையில் வந்த பெருமையெல்லாம் உப்பால் வந்தது. போனதும் அதனால்தான்.

பிட்டர்ஃபெல்ட் ஊருக்குப் பக்கத்து ஆலை ஒன்றில் அவன் சூளைக்காரன். ஜிப்சத்தையும் மணலையும் கரித்தூளோடு கலந்து சுழலும் சூளையில் எரித்தால், புகையிலிருந்து கந்தக அமிலம், மிச்சத்திலிருந்து சிமெண்ட். நிலக்கரிக்குப் பஞ்சம் வந்த குளிர்காலத்தில், கொஞ்சம் உப்புச் சேர்த்தால் குறைந்த சூட்டிலேயே ஜிப்சமும் மணலும் கூடிவிடும் என்று அவன்தான் யோசனை கொடுத்தான். பலித்தது. மே தின மேடையில் 'புதுமைத் தொழிலாளி' என்று பதக்கம் குத்தினார்கள். தங்கை எல்ஃப்ரீடா கை வலிக்கத் தட்டினாள்.

உப்பு சும்மா இருக்குமா? ஆவியாகி, சூளையின் சூடு குறைந்த கோடியில் படிந்து, தூளைச் சுவரோடு பசையாக ஒட்டவைத்து வளையம் கட்டியது. உப்புப் போடாத காலத்து வளையங்கள் ஆறினால் கல்லாக நிற்கும். ஆட்கள் உள்ளே போய் இடிப்பார்கள். இந்த வளையமோ, கம்பியால் லேசாகக் குத்தியதற்கே பாளமாகக் கழன்று விழுந்ததை ரைன்ஹோல்ட் பார்த்திருந்தான். சொன்னால் உப்பை நிறுத்துவார்கள், பதக்கமும் பல்லிளிக்கும். முழுங்கிவிட்டான்.

ஜூனில் சூளை அடைத்துக்கொண்டது. உள்ளே போக முன்வந்தவன் எல்ஃப்ரீடாவின் புருஷன் ஹார்ட்முட்.

"என்ன மச்சான், உன் சமையல் இப்படி அடிப்பிடிச்சிருக்கு! சுரண்டிட்டு வரேன், பீர் உன் செலவு."

"பாத்துப் போ," என்றான் ரைன்ஹோல்ட்.

ஹார்ட்முட் கடப்பாரையை ஓங்கியதுதான் தாமதம், தலைக்குமேல் இருந்தது மொத்தமாக இறங்கிவிட்டது. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்கவேண்டும் என்பார்கள். இங்கே தின்றவன் ஒருவன், குடித்தவன் வேறொருவன்.

விசாரணையில், ஆறுவதற்குள் அவசரப்பட்டது செத்தவன் தப்பு என்று முடிக்கப் பார்த்தார்கள். அப்படி முடித்தால் எல்ஃப்ரீடாவுக்கு உதவித்தொகை கிடையாது. ரைன்ஹோல்ட் எழுந்தான்.

"அவன் மேல தப்பில்ல. உப்புப் போட்ட வளையம் ஆறினாலும் நிக்காது. அந்த யோசனை என்னுது."

பதக்கம் போயிற்று. அவனைக் கரி அள்ளப் போட்டார்கள். ஆனாலும் மனதில் ஓர் ஆறுதல், வெட்கங்கெட்ட ஆறுதல்.

மாலையில் எல்ஃப்ரீடா வந்தாள். நன்றி சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து நாற்காலியை இழுத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை.

"அண்ணே, அது நிக்காதுன்னு அவர் செத்த பெறகுதான் தெரிஞ்சுதா? முன்னாடியே தெரியுமா?"

"முன்னாடியே தெரியும்."

அதற்குப் பிறகும் ரைன்ஹோல்ட் வெகுகாலம் இருந்தான், அதே ஊரில், அவள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. அவள் அவனை அண்ணே என்று கூப்பிட்டது அதுதான் கடைசி.